எந்த நிலத்தைக் காப்பகமாக்குவது? கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காக்க வேண்டிய உயிரினங்கள் நிறைய, கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். எந்த நிலத்தை வாங்கிக் காப்பகமாக்குவது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எங்கே அதிக வகை உயிரினங்கள் இருக்கின்றனவோ, அங்கே." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறான பதில். ஏன் தவறு என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. ஐந்து இடங்களும் ஆறு உயிரினங்களும் கொண்ட ஒரு குட்டி உதாரணமே போதும். அந்த ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகப்போகிறோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

க: தவளை, ஆந்தை, நீர்நாய், பல்லி. விலை 6
ச: தவளை, ஆந்தை, வண்ணத்துப்பூச்சி. விலை 3
த: நீர்நாய், பல்லி, ஆர்க்கிட். விலை 7
ப: ஆந்தை, நீர்நாய், பல்லி. விலை 2
ம: ஆர்க்கிட் மட்டும். விலை 1

விலை எந்த நாணயத்தில் என்பது முக்கியமில்லை, வெறும் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதிக வகை" விதிப்படி முதல் பரிசு க-வுக்கு. அடுத்து மூன்று உயிரினங்கள் உள்ள ச, த, ப மூன்றும் சமநிலை. ப மலிவாயிற்றே என்று அதை எடுத்தால் என்ன ஆகிறது? ப-வில் உள்ள மூன்றும் ஏற்கெனவே க-வில் இருப்பவை. 8 அலகு செலவழித்தும் கிடைத்தது நான்கே உயிரினங்கள். மாறாக, க-வைத் தொடாமல் ச, த இரண்டையும் எடுத்தால் ஆறும் வந்துவிடுகின்றன. தரவரிசையில் முதலாவதாக நின்ற இடம், சிறந்த தேர்வில் இல்லவே இல்லை!

ஓர் இடத்துக்குத் தனியாக மதிப்பு கிடையாது. ஏற்கெனவே எடுத்தவற்றோடு அது புதிதாக எதைச் சேர்க்கிறது என்பதுதான் அதன் மதிப்பு. இதை நிரப்புத்தன்மை என்கிறார்கள். காப்பகத் தேர்வுக் கணிதம் முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

இது வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1872-ல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தபோது கண்ணை ஈர்த்தது வெந்நீர் ஊற்றுகளும் இயற்கைக் காட்சிகளும்தான், உயிரினப் பட்டியல் அல்ல. பிறகு வந்த பூங்காக்கள் பலவும் அப்படியே: காட்சி அழகு, வேட்டைக்கான இடம், அல்லது வேறு எதற்கும் உதவாத நிலம். 1983-ல் தாஸ்மேனியாவில் ஜேமி கிர்க்பாட்ரிக் என்ற ஆய்வாளர், ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதில் அடங்கிவிட்டவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு எது சிறந்தது என்று மறுபடி கேட்கும் முறையைப் பயன்படுத்தினார். 1988-ல் ஆஸ்திரேலியாவில் மார்குலிஸ், நிக்கல்ஸ், பிரெஸ்ஸி மூவரும் அந்த வழியை ஒழுங்கான தேர்வு விதிகளாக்கினார்கள். இன்றைய மென்பொருள்களின் பாட்டன் முப்பாட்டன்கள் இவைதான்.

முதல் படி: கேள்வியை ஒற்றை வாக்கியமாக்குங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அது இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று: "எல்லா உயிரினங்களையும் காக்க வேண்டும், செலவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது." மற்றது: "இவ்வளவுதான் பணம், இதற்குள் எத்தனை உயிரினங்களைக் காக்க முடியுமோ அத்தனையும்." முதலாவதைக் கணிதவியலாளர்கள் கண மூடல் என்பார்கள், இரண்டாவதை உச்ச மூடல் என்பார்கள். இரண்டும் சாயலில் ஒன்றுபோல இருந்தாலும் விடைகள் வேறு வேறு இடங்களில் போய் நிற்கும். நிதி ஒதுக்கீடு தெரியாமல், வாதாடிப் பணம் கேட்கப் போகிறீர்கள் என்றால் முதல் வகை. நிதி கையில் வந்துவிட்டது என்றால் இரண்டாவது. பல திட்டங்களில் இதைத் தீர்மானிக்காமலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் விடை வந்த பிறகு "நாங்கள் கேட்டது இது இல்லையே" என்ற சண்டை.

இரண்டாம் படி: நிலத்தைத் துண்டாக்கி அட்டவணை போடுங்கள்

முழுப் பரப்பையும் தேர்ந்தெடுக்கக்கூடிய துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். சதுரம், அறுகோணம், நீர்ப்பிடிப்பு எல்லை, பட்டா எல்லை எதுவானாலும் சரி. நிலத்தை விலைக்கு வாங்கித்தான் காக்கப்போகிறீர்கள் என்றால் பட்டா எல்லையே நல்லது, ஏனென்றால் யாரும் அறுகோணத்தை விற்பதில்லை. கடலிலோ ஒரே உரிமையாளரின் பெருங்காட்டிலோ அறுகோணம் வசதி. துண்டு ரொம்பச் சிறியதாக இருந்தால் ஒரு பெரிய விலங்கின் வாழிடத்தில் மூலை மட்டும் அதில் அடங்கும். அதை "இருக்கிறது" என்று எண்ணிவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

அடுத்து அட்டவணை. வரிசையில் உயிரினங்கள், பத்தியில் இடங்கள். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த 0-தான் வில்லங்கமானது. அது "இல்லை" என்று சொல்கிறதா, "யாரும் பார்க்கவில்லை" என்று சொல்கிறதா? பதிவுகள் பெரும்பாலும் சாலையோரம், ஆராய்ச்சி நிலையம், பறவை பார்ப்பவர்கள் அடிக்கடி போகும் ஏரி என்று குவிந்து கிடக்கும். அப்படியே கணித மாதிரியில் போட்டால், மனிதர்கள் எங்கே எளிதாகப் போக முடியுமோ அங்கேதான் காப்பகம் வேண்டும் என்று கணினி அடித்துச் சொல்லும். இதைச் சமாளிக்க, மழை, வெப்பம், உயரம், தாவரப் போர்வை போன்றவற்றை வைத்து உயிரினத்தின் பரவலை ஊகிக்கும் மாதிரிகள் இருக்கின்றன. 2006-ல் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷபைர் மூவரும் வெளியிட்ட மேக்ஸென்ட் முறை அவற்றில் பிரபலமானது. அது "இங்கே பார்த்தோம்" என்ற பதிவுகளை மட்டும் வைத்தே ஓடும். ஆனால் சாலையோரச் சாய்வை அதுவும் தானாகச் சரிசெய்யாது. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாம் படி: சமன்பாடுகளை எழுதுங்கள்

பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடத்தின் எழுத்தையும் ஒரு மாறியாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் மதிப்பு 1, விட்டுவிட்டால் 0. நடுவில் எதுவும் கிடையாது.

ஒவ்வொரு உயிரினமும் குறைந்தது ஓர் இடத்திலாவது காக்கப்பட வேண்டும்:

தவளை: க + ச ≥ 1
ஆந்தை: க + ச + ப ≥ 1
நீர்நாய்: க + த + ப ≥ 1
பல்லி: க + த + ப ≥ 1
வண்ணத்துப்பூச்சி: ச ≥ 1
ஆர்க்கிட்: த + ம ≥ 1

குறிக்கோள்: க + ச + த + ப + ம மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

அவ்வளவுதான் மாதிரி. இப்போது கையாலேயே தீர்க்கலாம். வண்ணத்துப்பூச்சி வரியைப் பாருங்கள்: ச-வை எடுக்காமல் வேறு வழியே இல்லை. இப்படிப்பட்ட இடத்தை ஈடு இல்லாத இடம் என்பார்கள். ச வந்ததும் தவளையும் ஆந்தையும் கூடவே வந்துவிட்டன, அந்த வரிகளை அடித்துவிடலாம். மிச்சம் நீர்நாய், பல்லி, ஆர்க்கிட். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது த. ஆக ச + த, இரண்டே இடங்கள்.

நீர்நாய் வரியும் பல்லி வரியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருப்பதையும் கவனியுங்கள். ஒன்றைக் காத்தால் மற்றதும் காக்கப்படும் என்பதால் ஒரு வரியை நீக்கிவிடலாம். பெரிய தரவுகளில் இந்தச் சுத்தம் செய்யும் வேலையே கணக்கைப் பாதியாகக் குறைத்துவிடுவதுண்டு.

நான்காம் படி: விலையை உள்ளே கொண்டுவாருங்கள்

மேலே நாம் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். ஆனால் யாரும் எண்ணிக்கைக்குப் பணம் கட்டுவதில்லை. குறிக்கோளை மாற்றுவோம்: 6க + 3ச + 7த + 2ப + 1ம மிகக் குறைவாக இருக்க வேண்டும். நிபந்தனைகள் அதேதான்.

இப்போது ச + த-வின் விலை 10. ச கட்டாயம். மீதி மூன்று உயிரினங்களை த-விடம் 7 கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, ப-வையும் ம-வையும் சேர்த்து 3-க்கு வாங்கலாம். மொத்தம் 6. மூன்று இடங்கள், ஆனால் இரண்டு இடங்களைவிட 4 அலகு மலிவு. ஒரே ஓர் உயிரினம் வைத்திருந்த, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ம, தேர்வுக்குள் நுழைந்துவிட்டது.

இது குட்டி உதாரணத்தின் விநோதம் அல்ல. 1998-ல் ஆண்டோ, கேம், போலாஸ்கி, சோலோ நால்வரும் அமெரிக்க மாவட்டங்களின் நில விலையையும் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, இட எண்ணிக்கையை மட்டும் குறைப்பதைவிட வெகுவாகச் செலவை மிச்சப்படுத்துவதைக் காட்டினார்கள். நில விலை இடத்துக்கு இடம் பல மடங்கு மாறும்போது, உயிரினத் தரவைத் துல்லியமாக்குவதைவிட விலைத் தரவைச் சரியாக்குவது சில சமயம் அதிகப் பலன் தரும். சூழலியல் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

ஆனால் விலையில் ஒரு பொறியும் இருக்கிறது. மலிவான நிலம் ஏன் மலிவு? செங்குத்துச் சரிவு, பாறை, பனி, பாலை. அங்கே யாரும் வீடு கட்டவோ உழவோ போவதில்லை. காப்பகம் என்று அறிவிக்காவிட்டாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். உலகின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் உயரமான, சரிவான, நகரங்களிலிருந்து தொலைவான நிலங்களை நோக்கிச் சாய்ந்திருப்பதை 2009-ல் ஜோப்பாவும் பாஃபும் காட்டினார்கள். ஆகவே அட்டவணையில் இன்னொரு வரிசை தேவை: காக்காமல் விட்டால் இந்த இடம் அழிய எவ்வளவு வாய்ப்பு? நிரப்புத்தன்மையின் இன்னொரு முகம் இது. அங்கே மற்ற இடங்களோடு ஒப்பிட்டோம், இங்கே "சும்மா விட்டால் என்ன ஆகும்" என்பதோடு ஒப்பிடுகிறோம்.

ஐந்தாம் படி: பணம் அளவாக இருந்தால்

இரண்டாவது வகைக் கேள்விக்கு வருவோம். இதன் வடிவம் காப்பகத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1974-ல் சர்ச், ரெவெல் இருவரும் பொதுச் சேவை மையங்களை எங்கே வைத்தால் அதிக மக்களை எட்டலாம் என்று கேட்டு உருவாக்கியது. 1996-ல் சர்ச், ஸ்டோம்ஸ், டேவிஸ் அதையே காப்பகத் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள்.

உயிரினத்துக்கும் ஒரு மாறி வைக்க வேண்டும்: காக்கப்பட்டால் 1, இல்லாவிட்டால் 0. நிபந்தனை: தவளை ≤ க + ச. அதாவது இரண்டு இடங்களில் ஒன்றாவது தேர்வில் இருந்தால்தான் தவளையை எண்ணலாம். மற்ற உயிரினங்களுக்கும் இப்படியே. அப்புறம் வரவுசெலவு: 6க + 3ச + 7த + 2ப + 1ம ≤ கையிருப்பு. குறிக்கோள்: ஆறு உயிரின மாறிகளின் கூட்டல் மிக அதிகமாக வேண்டும்.

கையிருப்பு 2 என்றால் ப, மூன்று உயிரினங்கள். 3 என்றால் ப + ம, நான்கு உயிரினங்கள். 4 ஆனாலும் நான்குதான். 5 என்றால் ச + ப, ஐந்து. 6 என்றால் ஆறும்.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 3 அலகுக்குச் சிறந்த தேர்வில் ம இருக்கிறது. 5 அலகுக்குச் சிறந்த தேர்வில் ம இல்லை! அதாவது, இந்த ஆண்டு 3 கிடைத்து ப, ம இரண்டையும் வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு இன்னும் 2 கிடைத்தால், ச-வை (விலை 3) வாங்க முடியாது. மொத்தம் 5 ஒதுக்கப்பட்டும் நான்கு உயிரினங்களோடு நிற்பீர்கள். முன்கூட்டியே 5 வரும் என்று தெரிந்தவர் முதலில் ச-வை வாங்கிவிட்டு, அடுத்த தவணையில் ப-வை வாங்கி ஐந்தை அடைவார். பணத்தைத் தவணை தவணையாகத் தரும் அமைப்புகளில், ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாகச் சிறந்த முடிவு எடுப்பது கடைசியில் சிறந்த முடிவைத் தராது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

எல்லா உயிரினமும் சமமா என்ற கேள்வி இங்கேதான் எழும். அருகிவருவதற்கு அதிக எடை போடலாம். பரிணாம மரத்தில் நெருங்கிய சொந்தமே இல்லாத ஒன்றுக்கு அதிக எடை போடலாம், 1992-ல் டேனியல் ஃபெய்த் அதற்கென்றே கிளை நீளங்களைக் கூட்டும் ஓர் அளவை வகுத்தார். எடை போடுவது கணிதத்தில் ஒரு பெருக்கல்தான். அந்த எண்ணை யார் தீர்மானிப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் கூட்டம் நடக்கும்.

ஆறாம் படி: எதை வைத்துத் தீர்ப்பது

ஐந்து இடங்களுக்கு 32 தேர்வுகள், கையால் பார்த்துவிடலாம். நூறு இடங்கள் என்றால் தேர்வுகளின் எண்ணிக்கை 31 இலக்க எண். கண மூடல், 1972-ல் ரிச்சர்ட் கார்ப் தொகுத்த 21 கடினக் கணக்குகளில் ஒன்று. எல்லா நிலைகளிலும் வேகமாகத் தீர்க்கும் வழி எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அதனால் மூன்று வழிகள் புழங்குகின்றன.

முதலாவது, பேராசை முறை. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அதிக உயிரினங்களைச் சேர்க்கும் இடத்தை எடுத்துக்கொண்டே போவது. நம் உதாரணத்தில் அது முதலில் க-வை அள்ளும். மீதி வண்ணத்துப்பூச்சியும் ஆர்க்கிட்டும். ச-வும் எடுக்க வேண்டும், த அல்லது ம-வும் எடுக்க வேண்டும். மூன்று இடங்கள் ஆகிவிட்டன, விலை குறைந்தது 10. த-வை எடுத்திருந்தால் கடைசியில் க-வே வெட்டி என்று தெரியவரும். எனவே பேராசை முறையை ஓட்டினால், முடிவில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, இல்லாமலேயே எல்லாம் அடங்குகிறதா என்று சோதியுங்கள். அதே முறையை "ஓர் அலகு விலைக்கு எத்தனை புதிய உயிரினம்" என்று கேட்க வைத்தால் ப, ம, ச என்று எடுத்து, சரியாக 6-ல் வந்து நிற்கிறது. இங்கே அதிர்ஷ்டம், எப்போதும் அப்படி வராது. ஆனால் முற்றிலும் மோசமும் ஆகாது: குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களை எடுத்து உச்சமாக மூடும் கணக்கில், பேராசை முறை உண்மையான உச்சத்தில் சுமார் 63 சதவீதத்துக்குக் குறையாது என்று நெம்ஹவுசர், வோல்சி, ஃபிஷர் 1978-ல் நிரூபித்தார்கள்.

இரண்டாவது, துல்லியமான முழுஎண் நிரலாக்கம். மாறிகள் 0 அல்லது 1 என்ற கெடுபிடியைத் தளர்த்தி, பின்னமாகவும் இருக்கலாம் என்று விட்டால் கணக்கு எளிதாகிவிடும். அந்த விடை "செலவு இதற்குக் கீழே போகவே போகாது" என்று ஓர் அடிமட்டம் தருகிறது. பிறகு ஒரு மாறியை 0 என்றும் 1 என்றும் இரண்டு கிளையாகப் பிரித்து, அடிமட்டமே கையில் உள்ள விடையைவிட மோசமான கிளைகளை வெட்டிக்கொண்டே போவது. ஒரு காலத்தில் இது பெரிய கணக்குகளுக்கு ஆகாது என்று பலர் நம்பினார்கள். 1996-ல் கேம் குழுவினர் துல்லிய விடை கிடைக்கக்கூடியதுதான் என்று வாதாடினார்கள். இன்று குரோபி, சிபிளெக்ஸ் போன்ற கட்டண மென்பொருள்களும், சிபிசி போன்ற இலவச மென்பொருள்களும் பெரிய கணக்குகளையே சமாளிக்கின்றன. ஆர் (R) நிரல்மொழியில் பிரையாரிட்டைசர் என்ற தொகுப்பு இவற்றை நேரடியாகக் கூப்பிடும்.

மூன்றாவது, போலிப் பதப்படுத்தல். சூடான உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அணுக்கள் ஒழுங்காக அமர்வதைப்போல, முதலில் மோசமான மாற்றங்களையும் அவ்வப்போது ஏற்றுக்கொண்டு, போகப்போகக் கறாராகும் தேடல். இதை 1983-ல் வெளியிட்டவர்களில் ஒருவரின் பெயரும் கிர்க்பாட்ரிக்தான், ஆனால் ஸ்காட் கிர்க்பாட்ரிக், இயற்பியலாளர். அதே ஆண்டில் தாஸ்மேனியாவில் காப்பகம் தேடிய கிர்க்பாட்ரிக் வேறு ஆள். குழம்பிவிடாதீர்கள். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் பாலும் ஹியூ பாசிங்ஹாமும் உருவாக்கிய மார்க்ஸான் என்ற காப்பகத் தேர்வு மென்பொருள் இந்தத் தேடலில்தான் ஓடுகிறது.

ஹெல்சிங்கியில் அட்டே மொய்லானன் உருவாக்கிய ஸோனேஷன் என்ற மென்பொருள் தலைகீழாகப் போகும். எல்லா நிலமும் காப்பகத்தில் இருப்பதாக ஆரம்பித்து, நீக்கினால் எது குறைந்த இழப்போ அதை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வரும். முழு நிலப்பரப்புக்கும் முன்னுரிமை வரைபடம் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

என் கருத்து: துல்லிய சால்வர் (இரண்டாவது வழியில் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) நியாயமான நேரத்தில் முடிக்கிறது என்றால் அதையே எடுங்கள். விடை உச்சத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது வேறு, "நிறையத் தடவை ஓட்டினோம், இதுதான் நன்றாக வந்தது" என்று பேசுவது வேறு.

ஏழாம் படி: ஒரு தடவை போதுமா?

ஓர் இடத்தில் இருந்தால் போதும் என்பது ஆபத்தான நிபந்தனை. ஒரு காட்டுத்தீ, ஒரு நோய், அந்த உயிரினமே போச்சு. மூன்றாம் படியில் எழுதிய நிபந்தனைகளின் வலப்பக்கத்தில் 1-க்குப் பதிலாக 2 போடுங்கள். உடனே நம் உதாரணத்தில் சால்வர் "தீர்வு இல்லை" என்று கைவிரிக்கும், ஏனென்றால் வண்ணத்துப்பூச்சி ச-வில் மட்டும்தான் இருக்கிறது. மென்பொருள் பழுது என்று நினைத்து அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். "2 அல்லது கிடைக்கும் அளவு, இதில் எது குறைவோ அது" என்று இலக்கை எழுதினால் சரியாகிவிடும்.

இருக்கிறது, இல்லை என்பதற்குப் பதில் பரப்பளவு தெரிந்தால் இன்னும் நல்லது: ஒவ்வொரு உயிரினத்தின் வாழிடத்திலும் இத்தனை சதவீதம் காக்கப்பட வேண்டும் என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. பரந்து வாழும் ஒரு பறவைக்கு 10 சதவீதம் ஏராளம், ஒரே ஒரு மலைச்சரிவில் வாழும் தவளைக்கு அது மரண தண்டனை. 2004-ல் ரோட்ரிகஸ் குழுவினர் எந்த உயிரினங்கள் காப்பகங்களுக்குள் வராமல் விடுபட்டிருக்கின்றன என்று உலக அளவில் பார்த்த இடைவெளி ஆய்வில், 1,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாகப் பரவியவற்றுக்கு 100 சதவீதம், 2,50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியவற்றுக்கு 10 சதவீதம், நடுவில் உள்ளவற்றுக்குப் படிப்படியாக என்று வைத்தார்கள். தொடங்குவதற்கு இது நல்ல வார்ப்பு.

2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர் உடன்பாடு, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காக்கச் சொல்கிறது. அந்த 30-ஐப் பரப்பளவாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாறையையும் பனியையும் வைத்தே நிரப்பிவிட முடியும். பரப்பளவு இலக்கை ஒரு நிபந்தனையாகவும், உயிரின இலக்குகளைத் தனி நிபந்தனைகளாகவும் எழுதினால் அந்த ஓட்டை அடைபடும்.

எட்டாம் படி: சிதறலா, சேர்ந்திருப்பதா

ச, ப, ம மூன்றும் மலிவுதான். ஆனால் மூன்றும் மூன்று மூலையில் இருந்தால்? வேலி, காவல், சாலை எல்லாம் மூன்று மடங்கு. விளிம்பு அதிகமானால் வெயிலும் களையும் உள்ளே நுழையும். இதை எல்லை நீளமாக அளக்கலாம்.

ஒவ்வொரு இடமும் பக்கம் 1 உள்ள சதுரம், த மட்டும் ச-வை ஒட்டி இருக்கிறது, மற்றவை தனித்தனி என்று வைப்போம். ச + ப + ம: விலை 6, எல்லை 12. ச + த: விலை 10, எல்லை 6 (இரண்டு சதுரங்களின் 8-ல் பொதுப் பக்கம் இரண்டு தடவை கழிகிறது). குறிக்கோளை "விலை + கெடுபிடி எண் × எல்லை" என்று மாற்றினால், கெடுபிடி எண் 0.5-ல் சிதறலுக்கு 12, சேர்ந்திருப்பதற்கு 13. எண்ணை 1 ஆக்கினால் 18-க்கு 16. திருப்புமுனை 2/3. மார்க்ஸானில் எல்லாரும் மணிக்கணக்கில் உருட்டிப் பார்க்கும் எண் இதுதான். ஒரு "சரியான" மதிப்பைத் தேடாதீர்கள். 0-விலிருந்து மெல்ல ஏற்றி, விலை எவ்வளவு கூடுகிறது, எல்லை எவ்வளவு குறைகிறது என்று வரைந்து பாருங்கள். கொஞ்சம் விலை ஏற்றத்துக்கு எல்லை சடாரென்று குறையும் இடம் கண்ணில் படும்.

ஒரு பெரிய காப்பகமா, பல சிறியவையா என்று ஒரு பழைய சண்டையும் உண்டு. 1967-ல் மெக்ஆர்தர், வில்சன் இருவரும் முன்வைத்த தீவுக் கோட்பாட்டிலிருந்து (பெரிய தீவில் அதிக வகை உயிரினங்கள் தாக்குப்பிடிக்கும் என்பது அது), பெரியதே நல்லது என்று 1975-ல் ஜாரெட் டயமண்ட் விதிகள் வகுத்தார். அடுத்த ஆண்டே சிம்பர்லோஃப், அபெல் இருவரும் அந்தக் கோட்பாட்டிலிருந்து அப்படி ஒரு முடிவு வராது என்று மறுத்தார்கள். இரண்டு சிறிய இடங்களின் பட்டியல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் விடை. மறுபடி நிரப்புத்தன்மை. ஆனால் பரந்த வாழிடம் தேவைப்படும் விலங்குகளுக்கு இந்த வாதம் செல்லாது, அவற்றுக்கு "குறைந்தது இவ்வளவு தொடர்ச்சியான பரப்பு" என்று தனி நிபந்தனை எழுத வேண்டும். தொடர்ச்சியை எழுதுவது இதுவரை பார்த்த எல்லாவற்றையும்விடக் கடினம், சால்வரின் வேகமும் கண்முன்னே குறையும்.

ஒன்பதாம் படி: தெரியாததையும் எழுதுங்கள்

0, 1 என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது வாய்ப்பை எழுதலாம். ஓர் உயிரினம் ஓரிடத்தில் இருக்க வாய்ப்பு 0.6, இன்னோரிடத்தில் 0.5 என்றால், இரண்டையும் எடுத்தால் ஒன்றிலாவது இருக்க வாய்ப்பு 1 − 0.4 × 0.5 = 0.8. பெருக்கல் வந்தால், கூட்டலை நம்பியிருக்கும் நம் நேரியல் மாதிரி உடைந்துவிடும். இல்லாமல் போகும் வாய்ப்புகளின் மடக்கையை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், பழைய சால்வரே போதும். இரண்டு இடங்களும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் இதில் இருப்பதை மறக்காதீர்கள். ஒரே ஆற்றின் மேலும் கீழும் உள்ள இரண்டு இடங்கள் அப்படி இருக்காது.

பத்தாம் படி: விடையைப் படிப்பது, பிறகு வாங்குவது

கிட்டத்தட்ட அதே விலையில் பல தீர்வுகள் இருக்கும். ஒன்றை மட்டும் வரைபடமாக அச்சிட்டுக் கொண்டுபோனால், "ஏன் என் நிலம்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. நூறு நல்ல தீர்வுகளை எடுத்து, ஒவ்வோர் இடமும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் வருவது பேரத்துக்கு இடமில்லாதது. பாதியில் வருவதற்கு மாற்று இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அதிகத் தடவை வந்த இடங்களை மட்டும் வெட்டியெடுத்து அதையே திட்டமாக்கக் கூடாது. அவை சேர்ந்து எல்லா இலக்கையும் நிறைவேற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தரவரிசைத் தவறு பின்வாசல் வழியாக வருவது இப்படித்தான்.

இவை வெறும் தாள் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு கடற்பூங்காவைக் காட்டலாம். 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்பை 70 உயிர்ப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதத்தை மீன்பிடிப்பே இல்லாத மண்டலமாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். மார்க்ஸானும் உதவிக்கு இருந்தது. மக்களின் கருத்துகள் ஆயிரக்கணக்கில் வந்தன, கோடுகள் கையாலும் நகர்த்தப்பட்டன. 2004 ஜூலையில் புதிய மண்டலங்கள் நடைமுறைக்கு வந்தபோது, 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த முழுப் பாதுகாப்பு சுமார் 33 சதவீதமானது. மாதிரி அங்கே முடிவு எடுக்கவில்லை. கோடு ஒவ்வொரு தடவை நகர்ந்தபோதும் இலக்கு இன்னும் நிறைவேறுகிறதா என்று சொல்லும் கணக்குப்பிள்ளையாக இருந்தது.

நிலத்தை ஒரே நாளில் வாங்கும் வசதி பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. வருடங்கள் ஓடும், இடையில் சில இடங்கள் கைமாறும், சில அழியும். மெய்ர், ஆண்டெல்மன், பாசிங்ஹாம் மூவரும் 2004-ல் இதைப் போலி நிகழ்வுகளாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் போட்ட கச்சிதமான திட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதைவிட, கிடைக்கும் இடங்களில் சிறந்ததை அவ்வப்போது எடுக்கும் எளிய விதிகள் பல சூழல்களில் நன்றாகவே செய்தன. ஆகவே ஒவ்வொரு வாங்குதலுக்குப் பின்னும் வாங்கியதை 1 என்று பூட்டி, இழந்ததை 0 என்று பூட்டி, மறுபடி ஓட்டுங்கள்.

நம் உதாரணத்தில் இதைச் செய்து பாருங்கள். ச + ப + ம என்று திட்டம். மலிவாக இருக்கிறதே என்று முதலில் ப-வை 2-க்கு வாங்கியாயிற்று. அதற்குள் ச-வில் சுரங்கம் வந்துவிட்டது. ச = 0, ப = 1 என்று பூட்டி ஓட்டினால், வண்ணத்துப்பூச்சிக்கு இனி வழியில்லை. தவளைக்கு 6 கொடுத்து க-வை வாங்க வேண்டும், ஆர்க்கிட்டுக்கு ம. மொத்தச் செலவு 9, உயிரினங்கள் ஐந்து. க வந்துவிட்டதால், முதலில் வாங்கிய ப இப்போது எதையுமே சேர்ப்பதில்லை.